'நியூபைல்' – ஒரு சொல்லும் அதன் ரோமானிய முக்காடும்

ஆங்கிலத்தில் 'நியூபைல்' என்று ஒரு சொல் இருக்கிறது. போட்டித் தேர்வுகளுக்காக வார்த்தைப் பட்டியல் மனப்பாடம் செய்பவர்கள் இதை எங்காவது பார்த்திருப்பார்கள். அகராதியைத் திறந்தால் இரண்டு பொருள் போட்டிருக்கும். ஒன்று, மணப்பருவம் எய்திய (பெண்). மற்றொன்று, இளமையும் உடற்கவர்ச்சியும் உள்ள (பெண்). இரண்டிலும் அடைப்புக்குறிக்குள் இருப்பது பெண் மட்டுமே. ஆணுக்கு இந்தச் சொல்லை யாரும் போடுவதில்லை.

கல்யாணத்தைக் குறித்த ஒரு சட்டச் சொல் எப்படிக் கவர்ச்சியைக் குறிக்கும் சொல்லாக மாறியது? அதில் ஏன் ஆணுக்கு இடமே இல்லை? இதைத் தேடிப் போனால் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய ரோம் நகரத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு கேள்வியும் காத்திருக்கிறது. ஒரு பெண் கல்யாணத்துக்குத் தயாராகிவிட்டாள் என்று முடிவு செய்வது யார்?

பெண்ணுக்கு ஒரு வினை, ஆணுக்கு ஒரு வினை

'நியூபைல்' என்பதன் தாய்ச்சொல் லத்தீன் மொழியின் 'நூபிலிஸ்'. 'மணமுடிக்கத் தக்கவள்' என்று பொருள். இது 'நூபெரே' என்ற வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. 'நூபெரே' என்றால் மணம் செய்வது. ஆனால் யார் செய்தால்? பெண் செய்தால் மட்டும்!

ரோமானியர்கள் ஆணின் திருமணத்துக்கு வேறு சொல் வைத்திருந்தார்கள். 'உக்ஸோரெம் தூகெரே', அதாவது 'மனைவியை அழைத்துச் செல்லுதல்'. உண்மையில் அவர்களுடைய சடங்கிலும் அதுதான் நடந்தது. பெண்ணைத் தகப்பன் வீட்டிலிருந்து ஊர்வலமாக மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். அவன் அழைத்துப் போகிறான், அவள் 'நூபெரே' செய்கிறாள். ஒரே கல்யாணம், இரண்டு வினைச்சொல்.

இந்த வித்தியாசம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு ஒரு நகைச்சுவை சாட்சி. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த மார்ஷியல் என்ற கவிஞர், பணக்காரப் பெண்ணை ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்ற கேள்விக்கு ஒரு குறுங்கவிதையில் பதில் சொல்கிறார். பணம் அவளிடம் இருந்தால், அந்த வீட்டில் மனைவியாகப் போவது தான்தான் என்பது அவர் வாதம். இதைச் சொல்ல அவர் பயன்படுத்தும் சொல் 'நூபெரே'. பெண்ணுக்குரிய வினையை ஆண் தனக்குப் போட்டுக்கொண்டதும் ரோமானியர்கள் சிரித்திருப்பார்கள்.

இதே வேரிலிருந்து இன்னும் சில சொற்கள் ஆங்கிலத்துக்கு வந்திருக்கின்றன. திருமணம் சார்ந்த என்ற பொருளில் வரும் 'நப்ஷியல்', 'கனூபியல்' ஆகிய இரண்டும் 'நியூபைலின்' சொந்த சகோதரிகள்தான். சொத்துள்ளவர்கள் கல்யாணத்துக்கு முன் எழுதிக்கொள்ளும் 'ப்ரீநப்ஷியல்' ஒப்பந்தத்திலும் இந்த வேர் இருக்கிறது.

மேகம் மறைப்பது போல...

'நூபெரே' என்ற சொல்லுக்கே மூலம் எது? இங்கேதான் சுவாரஸ்யமான ஒரு பழைய விளக்கம் வருகிறது.

லத்தீனில் 'நூபேஸ்' என்றால் மேகம். 'ஒப்நூபெரே' என்றால் மூடுவது, முக்காடிடுவது. கி.மு. 116 முதல் 27 வரை வாழ்ந்த வர்ரோ என்ற அறிஞர் லத்தீன் மொழி பற்றி எழுதிய நூலில் இவற்றையெல்லாம் ஒன்றாக முடிச்சுப் போட்டார். மேகம் வானத்தை மூடுகிறது, கடல் நிலத்தை மூடுகிறது, அதனால்தான் கடல் தெய்வத்துக்கு நெப்டியூன் என்று பெயர், கல்யாணத்துக்கு 'நூப்தியே' என்ற பெயர் வந்ததும் இந்த மூடுதலால்தான் என்பது அவருடைய கணக்கு.

மூடுவது எது என்று கேட்டால், மணப்பெண்ணின் முக்காடு. ரோமானிய மணப்பெண் தலையில் போடும் துணிக்கு 'ஃப்ளம்மேயும்' என்று பெயர். 'ஃப்ளம்மா' என்றால் தீச்சுடர். சுடர் போன்ற மஞ்சள் கலந்த நிறம் அதற்கு. அவளுடைய கூந்தலை ஈட்டிமுனையால் வகிடெடுத்து ஆறு பிரிவாகக் கட்டுவார்கள். இடுப்புக் கச்சையில் 'ஹெர்குலிஸ் முடிச்சு' என்ற முடிச்சு இருக்கும். அதை அவிழ்க்கும் உரிமை கணவனுக்கு மட்டும். இந்த விளக்கத்தின்படி பார்த்தால் 'நூபெரே' என்பது 'கணவனுக்காக முக்காடிட்டுக் கொள்ளுதல்'. 'நூபிலிஸ்' என்பவள் முக்காடு போடும் வயது வந்தவள்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இன்றைய மொழியியலாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை. அவர்கள் 'நூபெரே'யை வேறொரு குடும்பத்தில் சேர்க்கிறார்கள். கிரேக்கத்தில் மணமகளைக் குறிக்கும் 'நிம்ஃபே' என்ற சொல் (ஆங்கில 'நிம்ஃப்' இதிலிருந்து வந்ததே), செக் மொழியில் நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளையைக் குறிக்கும் 'ஸ்னோபெனெட்ஸ்' என்ற சொல், இவை லத்தீன் வினைக்கு உறவு என்பது அவர்கள் கருத்து. அப்படியானால் மேகத்துக்கும் கல்யாணத்துக்கும் ஒலியில் மட்டும்தான் ஒற்றுமை. முக்காடு விளக்கத்தை இன்னும் விட்டுக்கொடுக்காத அறிஞர்களும் இருக்கிறார்கள். வழக்கு முடியவில்லை.

எது சரியாக இருந்தாலும் ரோமானியர்கள் தங்கள் சொல்லை எப்படிக் கேட்டார்கள் என்பது தெளிவு. அவர்கள் காதில் அது முகம் மூடிய பெண்ணின் சொல்.

12 என்ற எண்

சொல் இருந்தால் போதாது, சட்டத்துக்கு எண் வேண்டும். எந்த வயதிலிருந்து ஒரு பெண் 'நூபிலிஸ்'?

ரோமானியச் சட்டம் சொன்ன விடை: பெண்ணுக்கு 12, பையனுக்கு 14.

பையன் விஷயத்தில் சட்ட அறிஞர்களுக்குள் ஒரு தகராறு இருந்தது. சபீனியர் என்ற பிரிவினர், உடலைப் பார்த்துத்தான் பருவம் வந்ததா என்று முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். ப்ரோகூலியர் என்ற பிரிவினர் 14 முடிந்தால் போதும் என்றார்கள். கி.பி. 529ல் பேரரசர் ஜஸ்டினியன் உடல் சோதனையை ஒழித்து 14 என்பதையே நிலைநாட்டினார். பெண்களைச் சோதிப்பது நாகரிகமில்லை என்று முன்னோர்களே கருதினார்கள், பையன்களுக்கும் அதே மரியாதையைக் கொடுக்கிறோம் என்பது அவர் சொன்ன காரணம்.

நல்ல காரணம்தான். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். பெண்ணின் உடல் உண்மையில் பருவமடைந்ததா என்று சட்டம் கேட்கவே இல்லை. 12 வந்தால் தயார். அவ்வளவுதான். வணிகவியல் மாணவர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஃபிக்ஸட் டெபாசிட் ரசீதில் முதிர்வுத் தேதி அச்சடித்திருப்பது போல.

அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் நடந்தால்? அதற்கும் விதி இருந்தது. 12 வயதுக்குள் கட்டிக்கொடுக்கப்பட்ட சிறுமி, கணவன் வீட்டில் இருந்தபடியே 12 முடிக்கும் நாளில் சட்டப்படி மனைவியாகிவிடுவாள் என்று பாம்போனியுஸ் என்ற சட்ட அறிஞர் எழுதியிருக்கிறார். அவளை அங்கே அனுப்பக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் குறைந்த வயது போதும். என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளும் வயது, அதாவது 7.

சம்மதம் வேண்டாமா? வேண்டும் என்றுதான் ரோமானியச் சட்டம் சொல்கிறது. ஆனால் உல்பியன் என்ற அறிஞர் அதற்குத் தரும் விளக்கத்தைப் பாருங்கள். அப்பாவின் விருப்பத்தை எதிர்த்துப் பேசாத மகள் சம்மதித்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். மாப்பிள்ளை ஒழுக்கங்கெட்டவனாகவோ இழிவானவனாகவோ இருந்தால் மட்டுமே அவள் மறுக்கலாம். 12 வயதுப் பெண் வாய் திறக்கவில்லை என்றால் கையெழுத்துப் போட்டதாக அர்த்தம்!

கணக்கில் புகுந்த அரசு

பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் இது அரசாங்கத்தின் கணக்கு வழக்காகவே ஆனது. உயர்குடி மக்கள் கல்யாணத்தையும் பிள்ளை பெறுவதையும் தவிர்க்கிறார்கள் என்று அவர் கவலைப்பட்டார். கி.மு. 18லும் கி.பி. 9லும் இரண்டு சட்டங்கள் வந்தன. 20 முதல் 50 வயது வரையுள்ள பெண்களும் 25 முதல் 60 வரையுள்ள ஆண்களும் மணமானவர்களாக இருக்க வேண்டும். மணமாகாதவர்கள், நெருங்கிய உறவல்லாதவர்கள் எழுதிவைக்கும் உயில் சொத்தைப் பெற முடியாது. மணமாகியும் குழந்தை இல்லாதவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும். மூன்று குழந்தை பெற்றவர்களுக்குச் சலுகைகள் உண்டு.

சட்டம் வந்தால் ஓட்டையும் வருமே! நிச்சயம் செய்தவர்களுக்கும் சலுகை உண்டு என்பதால் சிலர் குழந்தைகளை நிச்சயம் செய்துகொண்டு அபராதத்திலிருந்து தப்பினார்கள். வருடக் கணக்கில் 'மாப்பிள்ளை'யாகவே இருந்துவிடலாம் அல்லவா? அகஸ்டஸ் அதை அடைக்க, நிச்சயம் செய்து இரண்டு ஆண்டுக்குள் கல்யாணம் நடந்தாக வேண்டும் என்று விதித்தார். 12லிருந்து 2ஐக் கழித்தால் 10. ஆக, சலுகை கணக்கில் வர வேண்டுமானால் பெண்ணுக்குக் குறைந்தது 10 வயது ஆகியிருக்க வேண்டும். சிறுமியின் வயது வாரிசுச் சொத்துக் கணக்கில் ஒரு வரியாக நுழைந்தது இப்படித்தான்.

எல்லாப் பெண்களுக்கும் 12 வயதிலேயே கல்யாணம் நடந்ததா? இல்லை. 1965ல் கீத் ஹாப்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் கல்லறைக் கல்வெட்டுகளை வைத்து ரோமானியப் பெண்களுக்கு மிக இளம் வயதிலேயே மணமானது என்று எழுதினார். 1987ல் ப்ரென்ட் ஷா அதை மறுபரிசீலனை செய்தார். இறந்த இளம்பெண்ணுக்குக் கல் நட்டது பெற்றோரா, கணவனா என்று அவர் பார்த்தார். எந்த வயதில் பெற்றோர் குறைந்து கணவன்மார் கூடுகிறார்களோ, அதுவே கல்யாண வயது. அவர் கணக்குப்படி சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் 20ஐ நெருங்கும் வயதில் மணந்தார்கள். 12, 13, 14 என்பது பெரும்பாலும் சொத்தும் அரசியலும் உள்ள குடும்பங்களின் வழக்கம். பிற்காலத்தில் நீரோவின் தாயான இளைய அக்ரிப்பினாவுக்கு கி.பி. 28ல் மணமானபோது வயது சுமார் 13. பேச்சாளர் சிசரோவின் மகள் துல்லியாவுக்கு கி.மு. 67ல் நிச்சயமானபோது 12ஐ ஒட்டிய வயது, ஆனால் கல்யாணம் நடந்தது கி.மு. 63ல்.

மருத்துவர்கள் வேறு விதமாகப் பேசினார்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது. எபேசு நகரத்தைச் சேர்ந்த சொரானுஸ், கி.பி. 100ஐ ஒட்டிய காலத்தில் ரோமில் தொழில் செய்த மருத்துவர். மகளிர் மருத்துவம் பற்றிய அவருடைய நூல் இன்றும் கிடைக்கிறது. மாதவிடாய் தானாகத் தொடங்கும் வரை பெண்ணை மணவாழ்வுக்கு அனுப்பக் கூடாது, பெரும்பாலும் அது 14 வயதை ஒட்டி வரும் என்று அவர் அறிவுரை சொன்னார். கருப்பை வளர்ச்சி முடியாத நிலையில் கருத்தரிப்பது ஆபத்து என்பதையும் எழுதினார். சட்டம் 12 என்றது, டாக்டர் 14 என்றார். சட்டம்தான் நின்றது.

12 ஆண்டு, 11 மாதம், 7 நாள்

எண்களை விட்டுவிட்டு ஒரு பெண்ணைப் பார்ப்போம். அவள் பெயர் மினிகியா மார்கெல்லா.

அவளுடைய அப்பா மினிகியுஸ் ஃபுந்தானுஸ், கி.பி. 107ல் கான்சல் பதவி வகித்தவர். எழுத்தாளர் இளைய ப்ளினியின் நண்பர். மகள் இறந்த துக்கத்தில் ப்ளினி இன்னொரு நண்பருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அவளுக்கு இன்னும் 14 முடியவில்லை என்கிறார். அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொள்வாள், வளர்த்த செவிலியரையும் ஆசிரியர்களையும் நேசித்தாள், நிறையப் படித்தாள், குறைவாக விளையாடினாள் என்று நினைவுகூர்கிறார். நோயில் கிடந்தபோது டாக்டர்கள் சொன்னபடியெல்லாம் நடந்தாளாம். அக்காவுக்கும் அப்பாவுக்கும் அவளே தைரியம் சொன்னாளாம்.

அவளுக்கு நல்ல இடத்தில் நிச்சயமாகியிருந்தது. கல்யாண நாளும் குறித்தாகிவிட்டது. விருந்தினர்களை அழைத்தாகிவிட்டது. புடவைக்கும் முத்துக்கும் நகைக்கும் என்று ஒதுக்கிய பணத்தைச் சாம்பிராணிக்கும் வாசனைத் தைலத்துக்கும் செலவு செய்யும்படி அப்பா உத்தரவிட்டதைத் தன் காதால் கேட்டதாக ப்ளினி எழுதுகிறார். கல்யாண பட்ஜெட் அப்படியே இறுதிச்சடங்கு பட்ஜெட் ஆனது.

இது வெறும் கடிதத்தோடு நின்றிருந்தால் ப்ளினி கொஞ்சம் அலங்கரித்திருப்பார் என்று விட்டுவிடலாம். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ரோம் நகரத்துக்குப் பக்கத்தில் அவளுடைய அஸ்திக் கல்லே கிடைத்தது. அதில் அவள் பெயரும் ஃபுந்தானுஸின் மகள் என்பதும் வயதும் மட்டும் இருக்கின்றன. 12 ஆண்டு, 11 மாதம், 7 நாள்.

13 கூட நிறையவில்லை! அப்பாவின் நண்பர் 14 என்ற எண்ணைச் சொல்கிறார். கல்லோ நாளைக்கூட எண்ணிவைத்திருக்கிறது. அவளை எல்லோரும் நேசித்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. அவளுக்கு யாரும் கொடுமை செய்யவில்லை. நல்ல குடும்பம், படித்த அப்பா, யோக்கியமான மாப்பிள்ளை. அப்படிப்பட்ட வீட்டிலேயே 12 வயதுப் பெண்ணுக்குக் கல்யாண நாள் குறிப்பது இயல்பான காரியமாக இருந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஒரு பழக்கம் எவ்வளவு வலுவானது என்பது, நல்லவர்கள் அதை எப்படி யோசிக்காமல் செய்கிறார்கள் என்பதில் தெரிகிறது.

1889ல் ரோமில் நீதிமன்ற மாளிகை கட்டத் தோண்டியபோது கிரெபெரெயா த்ரிஃபேனா என்ற இளம்பெண்ணின் கல்பெட்டி கிடைத்தது. உள்ளே எலும்பு, நகைகள், பக்கத்தில் ஒரு தந்தப் பொம்மை. கை கால்கள் அசையும்படி செய்த அழகான பொம்மை அது. ரோமானியப் பெண்கள் கல்யாணத்துக்கு முன் தங்கள் பொம்மைகளைத் தெய்வத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிடுவது வழக்கம். பொம்மை அவளிடமே இருந்ததால், அவள் மணமாகாமலே இறந்தாள் என்று கருதுகிறார்கள். முக்காடு போடும் வயதும் பொம்மை விளையாடும் வயதும் அவ்வளவு பக்கத்தில் இருந்தன.

பேசாத கதாநாயகி

'நூபிலிஸ்' என்ற சொல் வரும் மிகப் புகழ்பெற்ற இடம் வர்ஜிலின் 'ஈனியட்' காவியம். அதன் ஏழாம் பகுதியில் லத்தீனுஸ் அரசனின் ஒரே மகள் லவினியா அறிமுகமாகிறாள். அவளை வர்ஜில் இந்தச் சொல்லால்தான் அறிமுகப்படுத்துகிறார். வயது நிறைந்தவள், கணவனுக்குத் தயாரானவள்.

அவளை மணக்க டிராயிலிருந்து வந்த ஈனியாஸும் உள்ளூர் வீரன் துர்னுஸும் போட்டியிடுகிறார்கள். பெரும் போரே நடக்கிறது. காவியத்தின் பின்பாதி முழுக்க அந்தப் போர்தான். ரோம் என்ற பேரரசின் வம்சமே இவள் வயிற்றில் தொடங்குவதாகக் கதை. ஆனால் 12 பகுதிகள் கொண்ட அந்தக் காவியத்தில் லவினியா ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை! ஓரிடத்தில் அம்மா பேசுவதைக் கேட்டு அழுகிறாள், முகம் சிவக்கிறாள். அது நாணமா, காதலா, பயமா என்று இன்றைக்கும் அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். அவளைக் கேட்க வழியில்லை. 2008ல் அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 'லவினியா' என்ற நாவலை எழுதினார். அதில் கதையைச் சொல்பவளே லவினியாதான். அவளுக்கு வாய் கிடைக்க 2000 ஆண்டு ஆனது.

எதிர்க்காத மகள் சம்மதித்தவள் என்ற உல்பியனின் விதியை இங்கே பொருத்திப் பாருங்கள். சட்டமும் காவியமும் ஒரே பெண்ணைத்தான் பார்க்கின்றன.

இங்கிலாந்துக்குப் போன எண்

ரோமப் பேரரசு விழுந்தது. அதன் 12ம் 14ம் விழவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம் அவற்றை எடுத்துக்கொண்டது. அங்கிருந்து இங்கிலாந்தின் சட்டத்துக்கும் வந்தன. சொத்து விஷயத்தில் இன்னும் விசித்திரம். கணவன் இறக்கும்போது மனைவிக்கு 9 வயது நிறைந்திருந்தால் போதும், அவன் நிலத்தில் விதவைப் பங்கு கேட்க அவளுக்கு உரிமை உண்டு.

இந்த எண் ஒரு பெண்ணின் உடம்பில் என்ன செய்தது என்பதற்கு மார்கரெட் போஃபோர்ட் சாட்சி. 1443ல் பிறந்தவர். அப்பா இறந்ததால் பெரும் சொத்துக்கு வாரிசு. 1455ல், 12 வயதில், 20களில் இருந்த எட்மண்ட் டியூடருக்கு மணம் செய்துவைத்தார்கள். சட்டப்படி குற்றமில்லை. ஆனால் அவ்வளவு சிறிய மனைவி வளரும் வரை காத்திருப்பதே அந்தக் காலத்து வழக்கம். எட்மண்ட் காத்திருக்கவில்லை. குழந்தை பிறந்தால் மனைவியின் நிலத்தை ஆயுள் முழுக்க அனுபவிக்கும் உரிமை கணவனுக்கு இருந்ததே காரணம் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். 1456 நவம்பரில் எட்மண்ட் நோயில் இறந்தார். 1457 ஜனவரி 28 அன்று பெம்ப்ரோக் கோட்டையில், 13 வயது விதவையான மார்கரெட் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார். பிற்காலத்தில் அவன்தான் ஏழாம் ஹென்றி மன்னன்.

அதன் பிறகு மார்கரெட் இன்னும் இரண்டு முறை மணந்தார். வேறு குழந்தை பிறக்கவே இல்லை. அந்தப் பிரசவம் அவர் உடலை நிரந்தரமாகப் பாதித்தது என்றே பலரும் கருதுகிறார்கள். பின்னாளில் கேம்பிரிட்ஜில் இரண்டு கல்லூரிகள் உருவாகக் காரணமாக இருந்த பெண்மணி இவர். ஆனால் அவர் செய்த இன்னொரு காரியம் அதிகம் பேசப்படுவதில்லை. பேத்தியை ஸ்காட்லாந்து அரசனுக்குக் கட்டிக்கொடுக்கப் பேச்சு நடந்தபோது, அவ்வளவு சிறிய பெண்ணை அனுப்பக் கூடாது, அந்த அரசன் காத்திருக்க மாட்டான் என்று மார்கரெட்டும் மருமகளான ராணியும் எதிர்த்தார்கள். ஹென்றி மன்னனே ஸ்பெயின் தூதரிடம் இதைச் சொல்லியிருக்கிறார். கல்யாணம் 1503 வரை தள்ளிப்போனது. அப்போதும் பேத்திக்கு 13தான்!

இந்த நீண்ட வரலாற்றில், 'தயார்' என்று முத்திரை குத்தப்பட்ட பெண் ஒருத்தி வளர்ந்து வந்து அந்த முத்திரையை எதிர்த்துப் பேசியது பதிவாகியிருக்கும் அபூர்வமான இடம் இது.

'நியூபைல்' என்ற சொல் ஆங்கிலத்தில் நுழைந்தது இதற்கெல்லாம் பிறகு, 1640களில். வேடிக்கை என்னவென்றால், அந்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் சாதாரணப் பெண்கள் முதல் கல்யாணம் செய்துகொண்ட சராசரி வயது ஏறக்குறைய 25, 26. வேலைக்காரப் பெண்ணாகச் சில வருடம் உழைத்து, கொஞ்சம் பணம் சேர்த்து, பிறகு மணந்தார்கள். சட்டப் புத்தகத்தில் 12, ஊரில் 25. சொல் படித்தவர்களின் புத்தகத்தில் மட்டும் வாழ்ந்தது.

1929

புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்த அந்த 12 இருபதாம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் உயிரோடு இருந்தது என்றால் நம்ப முடிகிறதா? 1927ல் கேத்தரின் மேயோ என்ற அமெரிக்கப் பெண் 'மதர் இந்தியா' என்ற புத்தகத்தில் இந்தியக் குழந்தைத் திருமணங்களைக் காட்டி, இந்தியர்கள் சுயாட்சிக்குத் தகுதியற்றவர்கள் என்று எழுதினார். பிரிட்டனில் அதைப் பலரும் ஆர்வமாகப் படித்தார்கள். அதே நேரத்தில் அவர்கள் சொந்தச் சட்டப்படி லண்டனில் ஒரு 12 வயதுப் பெண்ணின் கல்யாணம் செல்லும்! சர்வதேச சங்கத்தில் மற்ற நாடுகளுக்கு அறிவுரை சொல்ல இது தடையாக இருக்கிறது என்ற பேச்சு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே எழுந்தது.

1929 மே மாதம் பிரிட்டன் திருமண வயதை இருபாலருக்கும் 16 ஆக்கியது. அதே 1929 செப்டம்பரில் இந்தியாவில் சாரதா சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. ஆண்டவரும் ஆளப்பட்டவரும் ஒரே ஆண்டில் திருத்திக்கொண்டார்கள் என்பதைப் பாடப்புத்தகங்கள் அடுத்தடுத்த வரியில் சொல்வதில்லை. இந்தியாவில் 1978 முதல் 18, 21 என்று இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 பிப்ரவரியிலிருந்துதான் 18.

கல்யாணம் போனது, பார்வை நின்றது

சொல்லின் உறவினர்கள் மற்ற மொழிகளில் என்ன ஆனார்கள் என்று பார்ப்பது சுவையாக இருக்கும்.

இத்தாலியில் 'நூபிலே' என்றால் மணமாகாத பெண். வயது கணக்கில்லை. 80 வயதுப் பாட்டி மணமாகாதவர் என்றால் அவரும் 'நூபிலே'. ஆணுக்கு 'செலிபே' என்று தனிச்சொல். ஆங்கிலம் தெரிந்தவர் இத்தாலியப் படிவத்தில் ஒரு பாட்டியின் பெயருக்கு எதிரே இதைப் பார்த்தால் திகைத்துப்போவார்! பிரெஞ்சில் 'நூபில்' இன்னும் சட்டச் சொல்லாகவே இருக்கிறது. 1804ன் நெப்போலியன் சட்டத்தொகுப்பு பெண்ணுக்கு 15, ஆணுக்கு 18 என்றது. அந்த வேறுபாடு 2006ல்தான் நீங்கி இருவருக்கும் 18 ஆனது. பிரேசிலின் சட்டமும் திருமண வயதை இந்தச் சொல்லால்தான் குறிக்கிறது. 2019ல் அங்கே 16க்குக் குறைந்தவர்களின் திருமணம் முற்றாகத் தடை செய்யப்பட்டபோது திருத்திய பிரிவிலும் இச்சொல் இருக்கிறது. அங்கே அது ஆண், பெண் இருவருக்கும் பொது.

ஆங்கிலத்தில் மட்டும் கதை வேறு பக்கம் போனது. மானிடவியல் போன்ற துறைகளில் பழைய பொருள் கொஞ்சம் மிஞ்சியது. பொதுப் பேச்சில், இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில், பத்திரிகைகளும் சினிமா விமர்சனங்களும் இளம் நடிகைகளையும் அழகிகளையும் வர்ணிக்க இதை எடுத்துக்கொண்டன. கல்யாணம் சொல்லிலிருந்து உதிர்ந்துவிட்டது. அந்தப் பெண்ணை வெளியிலிருந்து பார்த்து 'தயார்' என்று சொல்லும் கண் மட்டும் அப்படியே இருக்கிறது. முன்பு அந்தக் கண் அப்பாவுடையது, வக்கீலுடையது, வரி போடும் அரசருடையது. இப்போது அது பத்திரிகை வாசகனுடையது.

அதனால்தான் இன்று பல ஆங்கில எழுத்தாளர்கள் இந்தச் சொல்லைத் தவிர்க்கிறார்கள். பதின்வயதுப் பெண் யாரையும் இப்படி எழுதினால் கண்டனம் எழுகிறது. இது வெறும் நாகரிகப் பேச்சு அல்ல. சொல்லின் வரலாறே அந்தக் கண்டனத்துக்குக் காரணம் சொல்கிறது. 'நான் நூபிலிஸ்' என்று ஒரு பெண் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதற்காக உண்டான சொல் அல்ல இது. அவளைப் பற்றி மற்றவர்கள் பேசிக்கொள்ள உண்டான சொல்.

அடுத்த முறை வார்த்தைப் பட்டியலில் 'நியூபைல்' வந்தால் பொருளை மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடலாம். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு பெயரையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். மினிகியா மார்கெல்லா. 12 ஆண்டு, 11 மாதம், 7 நாள்.